கோத்தகிரித் தோட்டச் சாலையும் ஒரு கருநீலக் காரும்: மெல்லிய கீறல்களை நீக்கியது பற்றிய நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் வழியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வீடு வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவரின் கார், தை மாதத்தில் குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. சிறிய ரக வண்டி, கருநீல மெட்டாலிக் நிறம், 7 ஆண்டுகள் ஓடியது. இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும் நெடுக்காகக் கோடுகள் ஓடின. பானெட்டில் குரங்கு நகம் பட்ட தடங்கள் இருந்தன. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வண்டி முழுவதும் சிலந்தி வலையைப் போல நுண்கோடுகள் பின்னிக் கிடந்தன. பங்குனியில் மகளின் திருமணம் வருவதால் அதற்குள் வண்டி பார்வைக்கு நன்றாக ஆக வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். முழு வண்டிக்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடுவதே வழி என்று வேறொரு பட்டறையில் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அந்த யோசனை வேண்டாம் என்பதே அவரிடம் நான் முதலில் சொன்னது. தொழிற்சாலையில் கதவும் பானெட்டும் வெறும் தகடாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, 140 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். இருக்கை, ஒயர், ரப்பர், கண்ணாடி எல்லாம் பொருத்திய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. எனவே பெயிண்டிங் பட்டறைகளில் 60 முதல் 80 டிகிரி வரைதான் சூடேற்றுவார்கள், அடுப்பறை இல்லாத இடங்களில் காற்றிலேயே உலரவிடுவார்கள். மலையின் ஈரக்காற்றில் அப்படி உலரும் பெயிண்ட், எத்தனை திறமையான கை அடித்தாலும், முதலில் வந்த பெயிண்டின் இறுக்கத்தை எட்டுவது அரிது. ஆகவே தொழிற்சாலைப் பெயிண்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவையும் காப்பாற்றுவதுதான் வண்டிக்கு நல்லது.

ஆனால் கீறலை எடுப்பது என்றாலே பெயிண்டை எடுப்பதுதான். கோடு என்பது மேற்பரப்பில் விழுந்த ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டம் வரை கொண்டுவருகிறது. தேய்ந்து போனது திரும்பி வராது. எந்தக் கோட்டுக்காக எவ்வளவு பெயிண்டைச் செலவிடலாம், எந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதுதான் இந்த வண்டியில் நான் எடுக்க வேண்டியிருந்த முடிவு.

கோடுகள் விழுந்த விதம்

வலப்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இடப்பக்கத்தில் மட்டும் நெடுங்கோடுகள் இருந்ததற்குக் காரணம் சாலை. மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில், இறங்கி வரும் வண்டிதான் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இந்த வண்டியோ வீட்டிலிருந்து நகரத்துக்குத் தோட்டச் சாலையில் இறங்கி வருவது. எதிரே இலை ஏற்றிய லாரியோ ஜீப்போ ஏறும்போது ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒதுங்கி, தேயிலைச் செடிகளையும் உண்ணிச்செடிப் புதரையும் உரசிக்கொண்டு நின்றாக வேண்டும்.

தேயிலையின் இலையும் இளந்தண்டும் உரசினால் பெரிய கேடு இல்லை. அவற்றின்மேல் படிந்திருக்கும் சாலைத் தூசிதான் கோடு போடுகிறது. தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல், கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் 7-ஆம் நிலையில் நிற்பது. கார் பெயிண்ட் எதுவும் அதன் அருகில் வராது. கவாத்து செய்த தோட்டத்தின் கதையோ வேறு. கவாத்துக் கத்தியால் சாய்வாக வெட்டப்பட்ட தடித்த தண்டின் முனை காய்ந்து, கட்டையைப் போல இறுகி, சாலையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மேட்டு ஓரத்தில் நிற்கும் செடியென்றால் அது கதவின் நடுப்பகுதிக்கே வந்துவிடும். இந்த வண்டியின் பின்கதவில் கீழ்ப்பகுதியில் இருந்த மூன்று குட்டையான ஆழக் கோடுகள் அப்படிப்பட்டவை. ஒதுங்கி நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அண்மையில்தான் கவாத்து நடந்தது என்று உரிமையாளரும் சொன்னார்.

நுண்கோடுகளின் காரணத்தைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். “தினமும் காலையில் துடைக்காமல் வண்டியை எடுத்ததே இல்லை தம்பி, அப்புறம் எப்படி இத்தனை கோடு?” என்று கேட்டார். “அந்தத் துடைப்பில் வந்ததுதான் அண்ணா” என்றேன். நீலகிரியில் வெளியில் நிற்கும் வண்டி, கார்த்திகை தொடங்கி மாசி வரை, காலையில் பனியில் நனைந்து நிற்கும். அந்த ஈரத்தைப் பழைய துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுக் கிளம்புவது ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் முந்தைய நாளின் புழுதி அந்த ஈரத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வண்டியின் மேல் இருக்கும் பனிநீர் கண்ணுக்கு நிறையத் தெரிந்தாலும், மணலை மிதக்கவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு அது போதாது. மணலைத் துணியில் ஒட்டவைக்க மட்டுமே போதும். துணி திருப்பூர்ப் பனியன் வேஸ்டாக இருந்து, அதில் தடித்த தையல் விளிம்பும் இருந்தால், ஒவ்வொரு காலையும் சில நூறு நுண்கோடுகள் விழும். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவர்களின் வண்டியில்தான் இந்தக் கோடுகள் அதிகம். அவர்களிடம் இதைச் சொல்வது எளிதாக இருப்பதில்லை.

வட்டம் வட்டமாகத் தெரிவதால் யாரோ வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கோடுகள் எல்லாத் திசைகளிலும் விழுந்திருக்கும். சூரியனோ விளக்கோ பெயிண்டில் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி, எந்தக் கோடுகள் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் கோணத்தில் கிடக்கின்றனவோ அவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். நிறம் அடர்ந்திருக்க அடர்ந்திருக்கச் சிதறும் ஒளி எடுப்பாகத் தெரியும். கருநீலத்தில் இவ்வளவு தெரிவது வெள்ளியிலோ வெள்ளையிலோ கண்ணிலேயே படாமல் போகலாம்.

கனம் பார்த்தல்

இன்றைய மெட்டாலிக் பெயிண்ட் பல அடுக்குகளாலானது. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் மின்படிவுப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். மொத்தமும் சேர்ந்து பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 140 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் பாலிஷ் போடும் வேலை முழுவதும் அந்தக் கிளியர் கோட்டின் மேல்பகுதிக்குள்ளேயே முடிந்தாக வேண்டும்.

முழுக் கிளியர் கோட்டும் நம் செலவுக்கு உரியதன்று. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து அடியில் உள்ள நிறத்தைக் காப்பது அந்தப் படலத்தில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள்தாம். படலம் மெலிந்தால் காப்பும் மெலியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் சில ஆண்டுகளில் பானெட்டும் கூரையும் வெளுத்து, பிறகு தோல் தோலாக உரியும். மலையில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு 10 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாகக் கூடுகிறது. கோத்தகிரியும் குன்னூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பவை. காற்று குளிர்ந்திருப்பதால் வெயிலும் மென்மையானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெயிண்டைப் பொறுத்தவரை மேட்டுப்பாளையத்து வெயிலைவிட இங்குள்ள தெளிந்த வானத்து வெயில் கடுமையானது.

பெயிண்டின் கனத்தை மைக்ரானில் காட்டும் பெயிண்ட் கேஜ் கொண்டு ஒவ்வொரு பாகத்திலும் பல இடங்களில் அளந்தேன். கூரை, வலப்பக்கக் கதவுகள், இடது முன்கதவு எல்லாம் 105 முதல் 125 வரை காட்டின; தொழிற்சாலைப் பெயிண்ட் என்பதில் ஐயமில்லை. இடது பின்கதவு 200-ஐத் தாண்டியது. முன்பு ஒரு முறை அந்தக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதைப் பற்றி உரிமையாளருக்கே தெரியாது, ஏனெனில் வண்டியை அவர் இரண்டாம் கையாக வாங்கியவர். பானெட்டின் ஓரங்கள் 110-ஐ ஒட்டி இருக்க, நடுவில் ஓட்டுநர் பக்கமாக ஒரு கையகல இடத்தில் மட்டும் எண் 90-க்கு இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் பழைய பாலிஷ் மெஷின் சுழன்ற தடம் மங்கலாகத் தெரிந்தது. முன்பு யாரோ ஒரு கறையையோ கோட்டையோ எடுக்க அங்கேயே நின்று அழுத்தித் தேய்த்திருக்க வேண்டும்.

இந்தக் கருவி அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சொல்லாது. இரும்புத் தகட்டுக்கு மேல் மொத்தம் எவ்வளவு கனம் என்பதை மட்டுமே சொல்லும். 90 என்ற எண்ணில் கிளியர் கோட் 30 இருக்கலாம், 15 இருக்கலாம். சுற்றிலும் 110 இருக்கும் ஒரே தகட்டில் அந்த இடம் மட்டும் 20 குறைவதும், அங்கே மெஷின் தடம் இருப்பதும் சேர்ந்துதான் அது ஏற்கெனவே செலவான இடம் என்ற முடிவைத் தந்தன. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கேஜ் எதையுமே காட்டாது. அங்கே கண்ணையும் கையையும் நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

எது கோடு, எது கறை

அளந்த பிறகும் மெஷினை எடுக்கவில்லை. முன்கதவில் பளிச்சென்று தெரிந்த சில பட்டைகள் கோடுகளே அல்ல. உண்ணிச்செடியின் தண்டு உரசிவிட்டுப் போன பச்சையும் பழுப்புமான சாறு, வெயிலில் காய்ந்து பெயிண்டின்மேல் ஒட்டிக்கிடந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒற்றியெடுத்ததில் அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. இதைச் செய்யாமல், பாலிஷைவிட வன்மையாகத் தேய்க்கும் பசையான காம்பவுண்டை நேரே போட்டிருந்தால், போகிற கறைக்காகப் பெயிண்டைத் தேய்த்திருப்போம்.

எஞ்சியவற்றைத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நனைந்தவுடன் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரியும் கோடு கிளியர் கோட்டுக்குள் இருப்பது. கோட்டுக்குள் இறங்கும் தண்ணீர், காற்றைவிடக் கிளியர் கோட்டுக்கு நெருக்கமாக ஒளியை வளைப்பதால் பள்ளத்தின் விளிம்பு ஒளியைச் சிதறடிப்பது குறைகிறது. நனைந்தும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் கோடு நிறத்தைக் கடந்து பிரைமரைத் தொட்டுவிட்டது; அதை எந்தப் பாலிஷாலும் எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றுக்கு நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்ப்பது பழைய வழி. நகம் தடைபடாமல் போனால் பாலிஷில் போய்விடும் என்று ஓரளவு நம்பலாம். நகம் மாட்டினால், முழுவதும் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, விளிம்பின் கூர்மையை மழுக்கிப் பார்வைக்குக் குறைப்பதோடு நிற்க வேண்டும். விளிம்பு மழுங்கிய கோடு பள்ளமாக இருந்தாலும் ஒளியைக் கூர்மையாகத் திருப்புவதில்லை. நான்கடி தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாது.

இந்தப் பரிசோதனைகளை மூடுபனி இறங்கிய நாளில் செய்து பயனில்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வரும் அந்த வெளிச்சத்தில் மோசமான பெயிண்டும் நன்றாகத் தெரியும். பானெட்டை நண்பகல் வெயிலிலும், கதவுகளைப் பட்டறைக்குள் இருட்டாக்கி ஒற்றை டார்ச்சிலும் பார்த்து, ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் சிறு டேப் துண்டு ஒட்டி மூன்று வகையாகப் பிரித்தேன்: எடுக்க வேண்டியவை, மழுக்க வேண்டியவை, தொடக்கூடாதவை. பானெட்டின் அந்த 90 மைக்ரான் இடத்தில் இருந்த குரங்கின் நகக்கோடுகள் ஆழம் குறைந்தவைதான். மற்ற இடமாக இருந்தால் தயங்காமல் எடுத்திருப்பேன். அவற்றை மூன்றாம் வகையில் வைத்தேன். உரிமையாளரை அழைத்து டார்ச்சில் காட்டி, காரணத்தைச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு போனேன். வேலை முடிந்தபின் சொன்னால் அது சாக்குப்போக்காகத் தோன்றும்.

வேலை

முதலில் அழுத்தமான தண்ணீரால் மணலைக் கழுவி, பிறகு ஷாம்பு நீரில் மேலிருந்து கீழாகக் கழுவினோம். அதன்பின், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை வழுக்கும் நீர் தெளித்துத் தேய்த்ததில், கற்பூர மரத்தின் பிசினும் ஒட்டிக்கொண்டிருந்த இரும்புத் துகளும் வந்தன. பெயிண்டில் புதைந்திருக்கும் இந்தத் துகள்களை எடுக்காமல் மெஷினை வைத்தால் அவையே பேடில் சிக்கிப் புதுக்கோடு போடும். கதவின் விளிம்புகள், பானெட்டின் மடிப்புக் கோடு, கைப்பிடியைச் சுற்றிய வளைவு ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடினேன். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாகப் படியும். பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். முனைகளில் பிரைமர் வெளியே தெரியும் வண்டிகள் பலவும் பாலிஷ் போட்டே கெட்டவை.

மெஷினாக, சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை இயக்க வகையைத்தான் பயன்படுத்தினேன். நேர்ச்சுழற்சி மெஷின் வேகமாக வெட்டும். ஆனால் சூட்டை ஒரே இடத்தில் குவிக்கும், கை சற்றுச் சாய்ந்தாலும் தடம் விடும். முன்கதவில் ஒன்றரை அடிச் சதுரத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, இருப்பதில் மிக மென்மையான பாலிஷும் மிருதுவான ஸ்பாஞ்சு பேடும் கொண்டு தொடங்கினேன். நுண்கோடுகளில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டன, நெடுங்கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு படி கடினமான பேடில் அதே பாலிஷைப் போட்டபோது நெடுங்கோடுகளிலும் மெல்லியவை மறைந்தன. காம்பவுண்டுக்குப் போக வேண்டிய தேவை தொழிற்சாலைப் பெயிண்ட் இருந்த பாகங்களில் பெரும்பாலும் வரவில்லை. வன்மையானதில் தொடங்கி மென்மையானதில் முடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம், வேலை விரைவில் முடிவதால். மென்மையானதில் தொடங்கினால், எவ்வளவு போதும் என்பது வண்டியிலிருந்தே தெரியவரும்.

குளிரும் ஈரமும் இந்த வேலையில் தலையிடும் இடங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைகள் இங்கே அப்படியே ஒத்துவருவதில்லை. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியின் தகடு காலை பத்து மணிக்கும் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும்போது பாலிஷ் வழுக்கிக்கொண்டு போகும், வெட்டாது. பாலிஷில் உள்ள எண்ணெயும் குளிரில் கெட்டிப்படும். தேயத் தேயத் துகள் உடைந்து நுண்மையாகும் வகைப் பாலிஷ், சரியாக உடையாமலே நின்று மங்கலை விட்டுவிடும். உடனே பலரும் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள் அல்லது காம்பவுண்டுக்கு மாறுகிறார்கள். இரண்டும் தேவையில்லாமல் பெயிண்டைத் தின்பவை. வண்டியை முந்தைய மாலையே பட்டறைக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி வைத்து, முற்பகல் பதினொரு மணிக்கு மேல் தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தொடங்குவதும், மூன்றரை மணிக்கு மூடுபனி ஏறும் முன் நிறுத்திக்கொள்வதும் நான் கடைப்பிடிக்கும் முறை. ஒரு நாளில் கிடைக்கும் வேலை நேரம் குறைவுதான்.

பாலிஷ் போட்டபின் கோடு உண்மையில் போயிற்றா, எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கிறதா என்று அறிய, ஆல்கஹால் கலவையால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆவியாகும் ஆல்கஹால் தகட்டைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நேரத்தில் அந்தக் குளிர்ந்த இடத்தில் உடனே நீர் பூத்து, வெண்மையாக மங்கிவிடும். அதைப் பாலிஷ் விட்ட மங்கல் என்று எடுத்துக்கொண்டு மறுபடி தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த துணியால் துடைத்துச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

முன்கதவில் நகம் லேசாக மாட்டிய நெடுங்கோடுகள் இரண்டு இருந்தன. அங்கே கேஜ் 120-ஐக் காட்டியதால், அவற்றின்மேல் மட்டும் பி3000 வாட்டர் பேப்பரைச் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றி, சோப்பு நீர் விட்டு, கோட்டின் போக்கிலேயே சில இழுப்புகள் தேய்த்தேன். வாட்டர் பேப்பர் என்றதும் பலரும் அஞ்சுகிறார்கள், அஞ்ச வேண்டியதும்தான். பி2000 தாளின் துகளே 10 மைக்ரான் அளவுள்ளது. கிளியர் கோட்டின் கனத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை பெரிது என்று தெரியும். அதனால்தான் 3000-க்குக் கீழே போகவில்லை, தாளைக் கதவு முழுவதும் ஓட்டவும் இல்லை. கோடுகள் முற்றிலும் போகும் முன்னரே நிறுத்தி, மங்கிய இடத்தைப் பாலிஷில் மீட்டேன். டார்ச்சை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்துத் தேடினால் அவை இன்னும் கிடைக்கும்; வெயிலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பெயிண்ட் அடிக்கப்பட்ட பின்கதவு வேறு விதமாக நடந்துகொண்டது. எண் 200 காட்டியதால் அங்கே தாராளமாகத் தேய்க்கலாம் என்று நினைக்கக்கூடாது, அந்தக் கனத்தில் எவ்வளவு கிளியர் கோட், எவ்வளவு பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பசை) பிரைமரும் என்பது யாருக்கும் தெரியாது. அது மிருதுவாகவும் இருந்தது. முன்கதவில் நன்றாக மெருகு கொடுத்த அதே பேடும் பாலிஷும் இங்கே மெல்லிய பூஞ்சையான மங்கலை விட்டன. மெஷினின் வேகத்தைக் குறைத்து, இருப்பதிலேயே மென்மையான பேடில், அழுத்தமே இல்லாமல் முடித்த பிறகுதான் தெளிந்தது.

அதே கதவின் கீழ்ப்பகுதியில் இருந்த மூன்று ஆழக் கோடுகளுக்குப் பாலிஷ் வேலையே இல்லை. பிரைமர் சாம்பலாகத் தெரிந்தது. ஒன்றில் ஊசிமுனை அளவுக்குத் துரு பழுப்பாகத் தலைகாட்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழையை அதிகம் வாங்கும் கோத்தகிரிப் பக்கத்தில் திறந்த இரும்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் வைத்து, வண்டியின் நிற எண்ணுக்குரிய டச்-அப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் கோட்டுக்குள் மட்டும் பல முறை மெல்ல மெல்ல நிரப்பி, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிட்டேன். மெட்டாலிக் நிறத்தைத் தூரிகையால் வைத்தால் அலுமினியத் துகள்கள் ஸ்பிரேயில் படிவதுபோலப் படியாது. கிட்டே வந்தால் சற்று அடர்ந்த புள்ளியாகத் தெரியும். துருவைத் தடுப்பதற்காகச் செய்த வேலை அது, அழகுக்காக அன்று. அதைச் சமன்படுத்துகிறேன் என்று மேலும் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பற்பசை, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் பற்றியும் உரிமையாளர் கேட்டார். எண்ணெய்கள் கோட்டை நிரப்பி ஒளித்துவைக்கும், அடுத்த கழுவலில் கோடு திரும்ப வரும். பற்பசையில் தேய்க்கும் துகள் உண்டு. ஆனால் அது பல்லுக்காக அளந்து செய்யப்பட்டது, பெயிண்டை ஓரிடத்தில் மங்கவைத்து வேறோரிடத்தில் ஒன்றும் செய்யாமல் போகும்.

பாலிஷ் முடிந்த பரப்பைக் காக்கச் செராமிக் கோட்டிங் போடலாமா, அதற்கு 9ஹெச் கடினம் என்கிறார்களே என்ற கேள்வியும் வந்தது. அந்த 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. நீர் ஒட்டாமல் ஓடுவதற்கும் அழுக்கு எளிதில் போவதற்கும் அது உதவும்; கவாத்துத் தண்டையும் குவார்ட்ஸ் மணலையும் அது தடுக்காது. இந்த வண்டிக்குச் சாதாரணச் சீலன்ட் மெழுகே போதும் என்று சொன்னேன். மிச்சமான பணத்தில் வீட்டருகே ஒரு தகரக் கூரை போட்டால், பனியும் குரங்கும் இரண்டுமே ஓரளவு விலகும். துணி உறை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மலைக்காற்றில் ஆடும் உறை, அடியில் சிக்கிய தூசியோடு நாள் முழுவதும் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும், ஈரத்தையும் உள்ளே பிடித்துவைக்கும்.

ஒப்படைத்த பின்

காலைப் பனியைத் துடைக்காமலே வண்டியை எடுக்கலாம், கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்பது நான் கொடுத்த முதல் அறிவுரை. கட்டாயம் துடைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை ஓடவிட்டு, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் இழுத்து எடுக்க வேண்டும். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மீண்டும் வண்டியில் வைக்கக்கூடாது. கதவின் கீழ்ப்பகுதிக்குத் தனித்துணி வேண்டும், அங்கேதான் மண் அதிகம்.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் வண்டி மறுபடி வந்தது. டச்-அப் வைத்த மூன்று இடங்களிலும் துரு இல்லை. பானெட்டிலும் கூரையிலும் நுண்கோடுகள் வெகுசிலவே புதிதாக விழுந்திருந்தன. இடப்பக்கக் கதவுகளில் இலை உரசிய மெல்லிய கோடுகள் மறுபடியும் வந்திருந்தன. அந்தச் சாலை அகலமாகாத வரை அவை வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஆண்டுதோறும் எடுத்தால் சில ஆண்டுகளில் அந்தக் கதவில் எடுப்பதற்குக் கிளியர் கோட் இருக்காது. கறையை மட்டும் நீக்கி மெழுகு போட்டுக் கொடுத்தேன். முதல் முறை அளந்த எண்களைப் பாகம் பாகமாகத் தாளில் எழுதி, அவருடைய சர்வீஸ் புத்தகத்துக்குள் ஒட்டி, பானெட்டின் நடுவில் ஓட்டுநர் பக்கம் உள்ள அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இங்கே இனி மெஷின் வைக்கக்கூடாது என்று அடுத்து வேலை செய்பவருக்காகக் குறித்துக் கொடுத்தேன்.